கூண்டுக்குள் ஒரு காடு

அடைபட்ட விலங்கிற்கு வேளைதோறும் உணவு கிடைக்கிறது. மழையும் வெயிலும் அதனை வருத்துவதில்லை. பகை விலங்குகள் அதனை அணுகுவதில்லை. நோயுற்றால் மருத்துவர் வருகிறார். இத்தனை நலங்களையும் பெற்ற விலங்கு, காட்டிலே பசியோடும் பகையோடும் போராடுகின்ற தன் இனத்தைவிட இனிதாக வாழ வேண்டுமன்றோ? ஆனால், விலங்குக் காட்சிச் சாலைகளிலே காணப்படும் நிலை பல வேளைகளில் இதற்கு மாறாக இருக்கிறது. ஒரு விலங்கு கூண்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடக்கிறது, திரும்புகிறது, மீண்டும் அதே அடிச்சுவட்டிலே நடக்கிறது. மற்றொரு விலங்கு உண்பதும் உறங்குவதுமாகக் காலத்தைக் கழித்து, உடல் பருத்து, கால் தளர்ந்து கிடக்கிறது. குறை உணவிலும் இல்லை, உறையுளிலும் இல்லை. செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமையே அவ்விலங்குகளை வாட்டும் குறையாகும்.

யானையும் புலியும் இவ்வாறு வாடக் கண்டால் மக்கள் மனம் இளகுகின்றது. சிறிய விலங்கு ஒன்று, அதிலும் பார்வைக்கு அழகற்றது என்று கருதப்படும் விலங்கு ஒன்று, ஒரு மூலையிலே சுருண்டு கிடந்தால் அதற்காக வருந்துவோர் சிலரே. வட அமெரிக்காவில் வாழும் ஒப்போசம் அத்தகைய விலங்கு. அதனை அடைத்து வளர்க்க நேர்ந்தோர், அதன் உடலுக்கும் உள்ளத்துக்கும் உரிய வேலையை எவ்வாறு தேடித் தருகின்றனர் என்பது அறியத்தக்கது.

தோற்றமும் இயல்பும்

ஒப்போசம் பூனை அளவினது. அதன் முகம் வெண்ணிறமாய்க் கூம்பியிருக்கும். மூக்கின் நுனி இளஞ்சிவப்பு. காதுகள் மயிரின்றிக் கருந்தோலாய் விளங்கும். வால் நீண்டு, செதில் படர்ந்து, எலியின் வாலைப்போலத் தோன்றும். வர்ஜீனியாப் பகுதியில் வாழ்ந்த பவ்ஹாட்டன் என்னும் பழங்குடியினர் இதற்கு வழங்கிய பெயரையே, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குக் குடியேறிய ஆங்கிலேயர் தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். ‘ஒப்போசம்’ என்னும் பெயர் அவ்வாறு பிறந்ததே.

கங்காருவைப் போலத் தன் குட்டிகளை வயிற்றுப் பையிலே வைத்து வளர்க்கும் இனத்தைச் சேர்ந்தது இவ்விலங்கு. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் இயற்கையாக வாழும் பைப்பாலூட்டி இஃது ஒன்றே. தாய் கருவுற்ற பன்னிரண்டு, பதின்மூன்று நாள்களிலேயே குட்டிகள் பிறந்துவிடுகின்றன. பிறக்கும்போது ஒவ்வொன்றும் ஓர் அவரை விதையின் அளவே இருக்கும். கண்ணும் திறவாத அவ்வுயிர்கள் தாயின் மயிரைப் பற்றித் தாமே ஊர்ந்து சென்று பையினுள் புகுகின்றன. பையிலே பெரும்பாலும் பதின்மூன்று முலைக்காம்புகளே உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றிக்கொண்ட குட்டி பிழைக்கும். பற்ற இயலாதது மடியும். இரண்டு மாதங்களுக்கு மேல் பையிலே வளர்ந்த குட்டிகள், பின்னர்த் தாயின் முதுகிலே ஏறி ஊர் சுற்றுகின்றன.

இவ்விலங்கின் உறுப்புகள் ஒவ்வொன்றும் ஒரு தொழிலுக்கு உரியவை. பின்னங்கால்களில் மனிதனின் கட்டைவிரல் போன்ற, நகமில்லாத விரல் ஒன்று உண்டு. அது மற்ற விரல்களுக்கு எதிராக மடங்கிக் கிளையை இறுகப் பற்றும். வால் ஐந்தாவது கைபோல உதவும். அவ்வாலால் தொங்கியபடியே ஒப்போசம் உறங்கும் என்று பலர் எண்ணுவது தவறு. வளர்ந்த விலங்கின் எடையை வால் நெடுநேரம் தாங்காது. ஏறும்போதும் இறங்கும்போதும் பிடிப்புக்காகவே அது பயன்படுகிறது. வாயிலோ ஐம்பது பற்கள் உள்ளன. வட அமெரிக்காவின் நிலவாழ் பாலூட்டிகளுள் இத்துணைப் பற்கள் உடையது வேறொன்றும் இல்லை. பூச்சி, நத்தை, முட்டை, எலி, பாம்பு, பழம், இறந்த விலங்கின் உடல் ஆகிய எதனையும் அஃது உண்ணும்.

பகைவரால் தாக்குண்டு தப்ப வழியில்லாதபோது, ஒப்போசம் செத்ததுபோல் விழுந்துவிடும். வாய் திறந்து எச்சில் வடியும், உடல் விறைக்கும், தீய நாற்றம் வீசும். இவ்வாறு சில நிமிடங்களும் கிடக்கும். சில மணி நேரமும் கிடக்கும். காண்போர் இதனை நடிப்பு என்பர். உண்மையில், விலங்கு தன் விருப்பத்தால் செய்யும் செயலன்று இது. அச்சம் எல்லை கடந்தபோது உடல் தானாகவே அடையும் நிலையாகும்.

காட்டிலே ஒப்போசத்தின் வாழ்நாள் மிகக் குறுகியது. ஓராண்டோ ஈராண்டோ வாழ்ந்தால் அதுவே பெரிது. மனிதனின் காவலிலும் நான்காண்டு வாழ்வது அரிது.

காவலுக்கு வரும் வழி

காட்டில் திரியும் இவ்விலங்கு கூண்டிற்கு வருவது பெரும்பாலும் சாலை வழியாகவே. இரவில் இரை தேடிச் சாலையைக் கடக்கும் தாய் ஒப்போசம் வண்டிகளில் அடிபட்டு இறக்கிறது. தாய் இறந்த பின்னும் பையினுள் இருக்கும் குட்டிகள் உயிரோடு இருப்பதுண்டு. அவ்வழிச் செல்வோருள் இரக்கமுள்ளவர்கள், இறந்த தாயின் பையைச் சோதித்து, குட்டிகள் இருப்பின் காட்டுயிர் மீட்பாளரிடம் சேர்க்கின்றனர். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், காட்டுயிரை வைத்துக் காப்பதற்கு அரசின் இசைவு வேண்டும். அவ்விசைவு பெற்ற மீட்பாளர்கள் அக்குட்டிகளைப் பாலூட்டி வளர்க்கின்றனர்.

இவ்வாறு வருவனவற்றை இருவகையாகப் பிரிக்கலாம். வளர்ந்தபின் காட்டிற்குத் திரும்பக்கூடியன ஒருவகை. கண்ணையோ காலையோ இழந்தமையால் காட்டிலே பிழைக்க முடியாதன மற்றொரு வகை. இரண்டாம் வகையின, காப்பகங்களிலும் காட்சிச் சாலைகளிலும் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகின்றன. பள்ளி மாணவர்க்கு இவ்விலங்கை அறிமுகப்படுத்தவும் அவை பயன்படுகின்றன.

இருவகைக்கும் வேலை வேண்டும். ஆயினும், வேண்டும் காரணம் வேறு. காட்டிற்குத் திரும்பும் குட்டிக்கு அது கல்வி. கிளையிலே ஏறவும், இலைக்குவியலிலே இரையை மோந்து கண்டுபிடிக்கவும், ஒளிந்துகொள்ள இடம் தேடவும் அது கூண்டிலேயே பழக வேண்டும். கிண்ணத்து உணவை மட்டும் உண்டு வளர்ந்த குட்டியைக் காட்டில் விட்டால், முதல் இரவிலேயே அது பசியால் திகைக்கும். ஏறத் தெரியாமல் நிலத்திலே நின்றால் பெரிய ஆந்தைக்கு இரையாகும். வாழ்நாள் முழுவதும் அடைபட்டிருக்கும் விலங்கிற்கோ அதுவே வாழ்க்கை. காட்டை இழந்த அதற்குக் காட்டின் செயல்களையேனும் தருவது, அடைத்தவரின் கடமையாகும்.

அன்பு மட்டும் போதாது

ஜெர்மனி நாட்டு லைப்சிக் நகரக் காட்சிச் சாலையில் ஹைடி என்னும் பெண் ஒப்போசம் ஒன்று இருந்தது. தாயை இழந்த குட்டியாக அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கண்டெடுக்கப்பட்ட அது, டென்மார்க் நாட்டிற்கு அனுப்பப்பட்டு, பின்னர் 2010-ஆம் ஆண்டில் லைப்சிக் நகரை அடைந்தது. அதன் இரு கண்களும் மூக்கை நோக்கிச் சாய்ந்திருந்தன. அம்மாறுகண் பார்வையைக் கண்டு உலகெங்கும் பல்லாயிரவர் அதன்மீது அன்பு கொண்டனர். பாட்டும் பொம்மையும்கூட அதன் பெயரால் எழுந்தன. ஆனால், அக்கண்கள் அவ்வாறு சாய்ந்தமைக்குக் காரணம் யாது? இளமையில் உண்ட பொருந்தா உணவாகவோ, கண்ணின் பின்புறம் சேர்ந்த கொழுப்பாகவோ இருக்கலாம் என்று காட்சிச் சாலையினர் கருதினர். முதுமை நோய்களுக்கு மருத்துவம் பயன்படாமற்போகவே, 2011-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அதன் உயிர் துன்பமின்றி நீக்கப்பட்டது. அதன் வயது அப்போது மூன்றரை.

உலகம் கண்டு மகிழ்ந்த அப்பார்வை, ஒரு குறையின் அடையாளமாக இருந்திருக்கக்கூடும் என்பது எண்ணத்தக்கது. அடைபட்ட ஒப்போசத்திற்குக் கொழுப்பே பெரும்பகை. கொடுப்பதை எல்லாம் அஃது உண்ணும், மறுப்பதில்லை. அஃது ஆவலோடு உண்பதைக் கண்டு மகிழ்ந்து, மேலும் மேலும் ஊட்டுவோர் அதற்குத் தீங்கே செய்கின்றனர். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த உணவால் எலும்பு மெலிந்து வளைவதும் உண்டு. எலும்பு வலுவிழந்த விலங்கை ஏறவும் ஓடவும் தூண்டினால் எலும்பு முறியும். ஆதலின், அளவும் சத்தும் அறிந்த உணவு முதலில் வேண்டும்; அதன் பின்னரே பயிற்சி. இரண்டில் ஒன்று மற்றொன்றின் குறையை நிரப்பாது.

அறிஞர் கண்ட வழி

அடைபட்ட விலங்கிற்கு வேலை வேண்டும் என்னும் கருத்து நெடுங்காலத்திற்கு முன்பே தோன்றியது. குரங்கினங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ராபர்ட் யெர்க்ஸ், அவற்றிற்கு விளையாடவும் உழைக்கவும் வாய்ப்பளிக்கும் கருவிகள் வேண்டும் என்று 1925-ஆம் ஆண்டிலேயே எழுதினார். சுவிட்சர்லாந்து நாட்டு ஹைனி ஹெடிகர் (1908–1992) அக்கருத்தை விரித்துரைத்தார். பெர்ன், பாசல், சூரிச் ஆகிய நகரங்களின் காட்சிச் சாலைகளை நடத்திய அவர், அடைபட்ட காட்டு விலங்குகளைப் பற்றி 1942-ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். காட்டிலும் விலங்கு மனம்போன போக்கில் திரிவதில்லை. தனக்குரிய எல்லைக்குள், தனக்குரிய இடங்களுக்குச் சென்று, தனக்குரிய செயல்களையே செய்கிறது. ஆதலின், கூண்டின் பரப்பைவிட அப்பரப்பினுள் என்ன இருக்கிறது என்பதே பெரிது என்பது அவர் கண்ட உண்மை.

1970-களில் ஹால் மார்க்கோவிட்ஸ் என்பவர், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரக் காட்சிச் சாலையில் கிப்பன் குரங்குகளுக்காக ஒரு பொறி அமைத்தார். விளக்கு எரிந்ததும் ஓரிடத்தில் கைப்பிடியை இழுத்து, பின்னர்த் தாவிச் சென்று மற்றோரிடத்தில் உணவைப் பெறுமாறு அஃது அமைந்திருந்தது. கூண்டில் சோம்பியிருந்த குரங்குகள் இவ்வாறு மீண்டும் தாவத் தொடங்கின. 1985-ஆம் ஆண்டில், நாய்களுக்கு உடற்பயிற்சியும் குரங்கினங்களுக்கு மனநலம் பேணும் சூழலும் வேண்டும் என்று அமெரிக்க விலங்கு நலச் சட்டம் திருத்தப்பட்டது. ஒப்போசத்தைப் பற்றி அத்திருத்தத்தில் ஒரு சொல்லும் இல்லை. சட்டம் வற்புறுத்தாத இடத்திலும் காப்பாளர்கள் தாமே முன்வந்து செய்யும் பணி இது. சூழலை வளப்படுத்தல் என்று இதனைக் கூறுவர்.

தேடி உண்ணல்

காட்டிலே ஒப்போசத்தின் இரவு தேடுவதிலேயே கழிகிறது. பொழுது சாய்ந்ததும் அது பொந்தைவிட்டு வெளியேறுகிறது. மூக்கைத் தரையோடு தரையாக வைத்து நடக்கிறது. உளுத்த மரத்தைப் புரட்டிப் புழுவை உண்கிறது. பெர்சிம்மன் மரத்தடியிலே உதிர்ந்த கனிகளைப் பொறுக்குகிறது. கூண்டிலோ, ஒரு கிண்ணத்து உணவை உண்டு முடிக்கச் சில நிமிடங்களே போதும். எஞ்சிய நீண்ட இரவில் அவ்விலங்கு என் செய்யும்?

இவ்வினாவுக்கு விடை காண்பதே காப்பாளரின் முதல் வேலை. அவர் அன்றாட உணவைப் பல கூறாக்குகிறார். ஒரு கூற்றை உலர்ந்த இலைக்குவியலிலே தூவுகிறார். ஒரு கூற்றைச் சிறு அட்டைப் பெட்டியினுள் வைத்து மூடுகிறார். ஒரு கூற்றை மரத்துண்டின் துளைகளிலே செருகுகிறார். பழத்துண்டு ஒன்றைக் கிளையின் உயரத்திலே குத்தி வைக்கிறார். முட்டையை ஓட்டோடு கொடுத்தால், ஒப்போசம் அதனைக் கைகளால் உருட்டிப் பற்றி, உடைத்து உண்கிறது. உயிருள்ள பூச்சிகளை இலைகளுக்கிடையே விட்டால், காதை நிமிர்த்தி, ஓசை வந்த பக்கம் திரும்பிப் பாய்கிறது. வேனிற்காலத்தில் பழத்தை நீரிலிட்டு உறையவைத்துத் தருவதும் உண்டு. பனிக்கட்டியை நக்கிக் கரைத்துப் பழத்தை அடைய அதற்கு நெடுநேரம் ஆகிறது.

இம்முறையில் மூன்று விதிகள் மறக்கக்கூடாதவை. மறைத்து வைப்பது அன்றைய உணவின் அளவிற்குள் அடங்க வேண்டும். மேற்கொண்டு கொடுப்பதாகக் கூடாது. தொடக்கத்தில் எளிதாகவும், பழகப்பழக அரிதாகவும் மறைக்க வேண்டும். முதல்நாளே கடினமாக்கினால் விலங்கு முயற்சியைக் கைவிடும். பெட்டிகளில் பசைநாடாவும் கம்பி ஊசியும் இருக்கலாகாது; தலை நுழைந்து சிக்கும் அளவிலான துளையும் கூடாது.

ஏறலும் நடத்தலும்

ஒப்போசம் விரைந்து ஓடும் விலங்கன்று. ஆயினும், மெல்ல மெல்ல எவ்வளவு உயரமும் ஏறவல்லது. ஆதலின், அதன் கூண்டை நீள அகலத்தால் மட்டும் அளப்பது தவறு. உயரத்தையும் பயன்படுத்த வேண்டும். பருத்ததும் மெலிந்ததுமான கிளைகளைச் சாய்வாகவும் கிடையாகவும் பொருத்துகின்றனர். ஒரே பருமனுள்ள வழவழப்பான கழிகளைவிட, பட்டை நீங்காத இயற்கைக் கிளைகளே விரல்களுக்கும் வாலுக்கும் நல்ல பயிற்சி தருகின்றன. நஞ்சுள்ள மரமும், பூச்சிமருந்து தெளித்த மரமும் விலக்கத்தக்கன. கிளைகளுக்கிடையே தூளி கட்டித் தொங்கவிட்டால், ஏறிச்சென்று அதிலே படுத்துக்கொள்கிறது. துணியிலே நூல் பிரிந்திருப்பின் விரலைச் சுற்றி இறுக்கி விரலையே இழக்கச் செய்யும். ஆதலின், நாள்தோறும் துணியைச் சோதிக்கின்றனர்.

இளமையும் சுறுசுறுப்பும் உள்ளவற்றிற்குச் சிலர் ஓடு சக்கரம் வைக்கின்றனர். அச்சக்கரம் முதுகு வளையாமல் ஓடத்தக்க அளவு பெரிதாக இருக்க வேண்டும். அதன் உட்பரப்பு இடைவெளியின்றி மூடியிருக்க வேண்டும். கம்பிச் சக்கரமானால் வாலும் விரலும் சிக்கிக் கொள்ளும். வேலியிட்ட முற்றத்திலே, அந்தி வேளையில், காப்பாளர் உடனிருக்க உலாவ விடுவதும் நல்ல பயிற்சியே. நடக்கும் வழியிலே சிறு உணவுத் துண்டுகளை இட்டால், விலங்கு தானே முன்சென்று நடக்கும். கயிற்றைப் பிடித்து இழுப்பதும், பின்னின்று விரட்டுவதும் பயிற்சி ஆகா. அஞ்சி ஓடுவதற்கும் விரும்பி நடப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. செத்ததுபோல் விழும் இவ்விலங்கின் அச்சம் எத்தகையது என்பதை அறிந்தோர், அதனை ஒருபோதும் துரத்தமாட்டார்கள்.

முதுமையுற்ற ஒப்போசத்திற்கும், கண்ணோ காலோ இழந்த ஒப்போசத்திற்கும் உயரம் ஆபத்து. அவற்றிற்குத் தாழ்ந்த சரிவுப் பலகையும், மெத்தென்ற தரையும் அமைக்கின்றனர். பார்வையற்ற விலங்கின் கூண்டிலே பொருள்களை இடம் மாற்றுவதில்லை. மணத்தாலும் உணவாலுமே மாறுதல் தருகின்றனர். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகலாம் என்பதை அவர்கள் மறப்பதில்லை.

கூடு கட்டலும் மோந்தறிதலும்

ஒப்போசம் செய்யும் வேலைகளுள் காண்பதற்கு மிக இனியது அது படுக்கை அமைக்கும் வேலையே. உலர்ந்த இலையையும் வைக்கோலையும் கூண்டின் ஒரு பக்கத்திலே போட்டுவைத்தால், அது முதலில் வாயால் ஒரு கற்றையைக் கவ்வுகிறது. அதனை முன்கால்களில் வாங்கி, வயிற்றின் கீழே பின்னுக்குத் தள்ளுகிறது. பின்னங்கால்கள் அதனைப் பெற்று வாலிடம் சேர்க்கின்றன. வால் சுருண்டு அக்கற்றையை இறுகப் பிடித்துக்கொள்கிறது. இவ்வாறு பலமுறை செய்து, வாலிலே ஒரு சிறு கட்டைச் சேர்த்துக்கொண்டு, தலையை நிமிர்த்தித் தன் பெட்டியை நோக்கி நடக்கிறது. காப்பாளர் தாமே மெத்தையைப் பரப்பிவைத்தால் இந்த வேலை முழுவதும் அதற்கு இல்லாமற்போகிறது. படுக்கையைத் தருவதைவிடப் படுக்கைக்குரிய பொருளைத் தருவதே சிறந்த உதவியாகும்.

காட்டிலே ஒப்போசம் ஒரே பொந்திலே நெடுங்காலம் தங்குவதில்லை. சில நாள்களுக்கு ஒருமுறை இடத்தை மாற்றிக்கொள்கிறது. ஆதலின், கூண்டிலும் ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகளை வைக்கின்றனர். ஒன்று மேலே இருக்கும். ஒன்று கீழே இருக்கும். எதில் உறங்குவது என்பதை விலங்கே முடிவு செய்கிறது. வளர்ந்த ஒப்போசம் தனித்து வாழும் இயல்பினது; துணை வேண்டும் என்று இரக்கப்பட்டு மற்றொன்றை உள்ளே விட்டால், கடித்துப் புண்படுத்திக்கொள்வதும் உண்டு. காண வருவோர் கண்ணுக்குப் படாமல் மறைந்துகொள்ளவும் அதற்கு இடம் வேண்டும்.

மனிதன் கண்ணால் உலகை அறிவதுபோல, ஒப்போசம் பெரிதும் மூக்கால் அறிகிறது. தோட்டத்து மண், மழையில் நனைந்த இலை, புதினாத் தழை, சிறிது இலவங்கப்பட்டை ஆகியவற்றுள் ஒன்றைக் கூண்டின் ஒரு பக்கத்திலே வைத்தால், அது நெடுநேரம் மோந்து பார்க்கிறது, சிலவற்றை நக்குகிறது, சிலவற்றில் கன்னத்தைத் தேய்க்கிறது. ஒரு வேளைக்கு ஒரு மணமே போதும். விரும்பாவிடில் விலகிச் செல்லக் கூண்டின் மற்றொரு பக்கம் மணமின்றி இருக்க வேண்டும். மண் நிரப்பிய தட்டு தோண்டுவதற்கும், ஆழமில்லாத நீர்த்தொட்டி நனைந்து விளையாடுவதற்கும் பயன்படுகின்றன.

கண்காணித்தலும் குறித்தலும்

இவை அனைத்தையும் ஒரே நாளில் கூண்டிற்குள் திணித்துவிடுவது அறிவுடைமை ஆகாது. புதுமையே இப்பொருள்களின் பயன். நாள்தோறும் கிடக்கும் பெட்டியை விலங்கு பொருட்படுத்தாது. ஆதலின், இன்று வைத்ததைச் சில நாள்களில் எடுத்துவிட்டு, மறந்திருக்கும் வேளையில் மீண்டும் வைக்கின்றனர். மாறுதலோடு நிலைபேறும் வேண்டும். உறங்கும் பெட்டியும், நீர்க் கிண்ணமும் வழக்கமான இடத்திலேயே இருக்கின்றன.

நல்ல காப்பாளரிடம் ஒரு குறிப்பேடு இருக்கும். எந்த நாளில் எதை வைத்தார், விலங்கு அதனை எத்தனை நேரம் நாடியது, எதனைத் தொடவே இல்லை என்பவற்றை அதில் எழுதுகிறார். ஒப்போசம் இரவில் விழித்திருப்பது. ஆதலின், பகலிலே வந்து பார்த்து, ‘இது சோம்பேறி’ என்று முடிவு செய்வது பேதைமை. நேற்று ஆவலோடு தேடிய விலங்கு இன்று தேடாதிருப்பின், அது நோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். ஒரே தடத்தில் ஓயாமல் நடப்பது குறைந்ததா, உடல் எடை அளவோடு நிற்கிறதா என்பவற்றைக் கொண்டே தம் முயற்சியின் பயனை அவர் அளக்கிறார். எடை பார்ப்பதற்காக விலங்கைப் பிடித்து வருத்துவதும் இல்லை. எடைப்பொறியின்மீது ஒரு பழத்துண்டை வைத்தால், ஒப்போசம் தானே ஏறி நிற்கப் பழகிக்கொள்கிறது.

காட்டிற்குத் திரும்ப வேண்டிய குட்டியைப் பேணுவோர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. அவர்கள் அதனைக் கொஞ்சுவதில்லை. பெயரிட்டு அழைத்து மடியில் வைத்துக்கொள்வதில்லை. மனிதனை நம்பக் கற்ற குட்டி, நாளை நாய்க்கும் வண்டிக்கும் அஞ்சாமல் ஊருக்குள் வந்து மடியும். பாலூட்டி வளர்த்த கை, உரிய காலத்திலே விலகிக்கொள்ள வேண்டும். அவ்வாறு விலகுவது எளிதன்று. ஆயினும், குட்டியின் நலத்தைத் தம் மகிழ்ச்சியினும் பெரிதாக எண்ணுவோர் அதனைச் செய்கின்றனர்.

முடிவுரை

ஈராண்டு வாழ்நாள் என்பது ஏறத்தாழ 730 இரவுகளே. அவற்றுள் ஓர் இரவு வீணானாலும் ஒப்போசத்திற்கு அது பெரிய இழப்பு. அவ்விரவை நிறைப்பதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு கூடை உலர்ந்த இலை, வளைந்த கிளை ஒன்று, பழைய அட்டைப் பெட்டி, ஒரு பிடி வைக்கோல் ஆகிய இவையே போதும். இவற்றை எவ்விடத்தில், எவ்வளவில், எவ்வேளையில் வைப்பது என்று எண்ணிப் பார்க்கும் மனமே அரியது.

பசித்த உயிர்க்கு உணவளிப்பது அறம். அவ்வுயிர் தன் கையாலும் காலாலும் முயன்று அவ்வுணவை அடையுமாறு வழிசெய்வது அவ்வறத்தின் நிறைவு. ஓர் உயிரை அடைத்து வைப்போர், அதன் காட்டை முழுவதும் திருப்பித் தர இயலாது. ஆயினும், நாள்தோறும் அக்காட்டில் ஒரு சிறு பகுதியைக் கூண்டிற்குள் கொண்டுவர இயலும். இருள் சூழ்ந்த வேளையிலே, இலைக்குவியலில் மூக்கைப் புதைத்துத் தேடியும், வாலிலே வைக்கோலைச் சுமந்தும், கிளையைப் பற்றி ஏறியும் திரிகின்ற ஒப்போசம், அப்பணியின் பயனைத் தானே காட்டி நிற்கிறது.

பயிற்சி

அ. சுருக்கமாக விடை தருக.
1. ‘ஒப்போசம்’ என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. ஒப்போசக் குட்டி பிறந்தவுடன் செய்யும் முதற்செயல் யாது?
3. ஒப்போசத்தின் வால் எவ்வெவ்வாறு பயன்படுகிறது?
4. காவலுக்கு வரும் ஒப்போசங்கள் எத்தனை வகைப்படும்? அவை யாவை?
5. உணவை மறைத்து வைப்பதில் காப்பாளர் பின்பற்றும் விதிகள் மூன்றனையும் எழுதுக.

ஆ. விரிவாக விடை தருக.
1. ‘அன்பு மட்டும் போதாது’ என்பதை ஹைடியின் வரலாற்றைக் கொண்டு விளக்குக.
2. ஹைனி ஹெடிகரின் கருத்து, ஒப்போசத்தின் கூண்டு அமைப்பில் எவ்வாறு பயன்படுகிறது?
3. பார்வையிழந்த ஒப்போசம் ஒன்று காப்பகத்தில் இருப்பதாகக் கொண்டு, அதற்கு ஓர் இரவிற்கு ஏற்ற வேலைகளை வகுத்து எழுதுக.

இ. பொருள் எழுதுக.
உறையுள், அடிச்சுவடு, இசைவு, நிலைபேறு, பேதைமை.

ஈ. சொற்றொடரில் அமைத்து எழுதுக.
பொருட்படுத்தாது, முன்வந்து, கைவிடும், மனம்போன போக்கில்.

உ. செய்க.
வீட்டிலோ தெருவிலோ காணும் விலங்கு அல்லது பறவை ஒன்றைத் தொடாமலும் துரத்தாமலும் ஒரு மணி நேரம் கவனித்து, அது செய்த செயல்களை நேரத்துடன் குறிப்பேட்டில் எழுதுக.